பீப்பா அண்ணையின் பங்கு

குடிக்கிறவன் வேலை கேட்டுப் போகும்போது தான் குடிப்பதில்லை என்று பொய் சொல்லுவான். அதுதான் உலக வழக்கம். பாரிசில் என் முதல் வேலையை, நான் பெரிய குடிகாரன் என்று பொய் சொல்லி எடுத்தேன். ஊரில் கோயில் தண்ணீர்ப்பந்தல் மோரைத் தாண்டி வேறொன்றும் தொண்டைக்குள் இறங்காத சைவப்பிள்ளை நான். சொன்னது போதாதென்று சாட்சிக்கும் ஆள் வைத்தேன். என்னோடு அறையில் இருந்த சிநேகிதன், இவன் கள்ளுத் தவறணையில் குந்தினால் பூட்டும்வரைக்கும் எழும்பமாட்டான் என்று, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் சத்தியம் பண்ணினான்.

வேலை தரவந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பியர் தாங்குவீரோ?”

“எவ்வளவு வந்தாலும் தாங்குவன் அண்ணை.”

பியர் கசக்குமா இனிக்குமா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. நிறத்தைப் பார்த்துவிட்டு, நெல்லிரசம் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன்.

அவரைத்தான் நாங்கள் பீப்பா அண்ணை என்போம். சொந்தப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால், இதைப் படித்துவிட்டு நாலு பேர் ஏதாவது கேட்டுக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்பார்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவும் வராது. கூச்சமோ பயமோ அல்ல. அந்தச் சொற்களுக்கு அவர் நாக்கில் ஆண்டவர் இடம் வைக்க மறந்துபோனார். “நீட்டின கையை மடக்கப்படாது தம்பி” என்பார். அவருடைய வேதமும் பிரசங்கமும் அவ்வளவுதான்.

லா சப்பல் மெத்ரோ வாசலில் சோதிடர்களின் சின்ன அட்டைகளை நீட்டிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். நாங்களெல்லாம் கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி தாண்டுவோம். அண்ணை ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, “மெர்சி முசியூ” சொல்லிப் பத்திரப்படுத்துவார். கொடுத்தவன் கண்ணுக்கு முன்னால் எறிந்தால் அவன் மனம் நோகும். கண் மறைந்த பிறகு எறிந்தால் அது களவு. ஆகவே எறிவதே இல்லை. அவருடைய கோட்டுப் பை எப்போதும் ஒரு கர்ப்பிணியைப்போல இருக்கும். ஒருநாள் ஓர் அட்டையை என்னிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் வாசித்தேன்: பிரிந்துபோன மனைவியை, எசமானுக்குப் பின்னால் ஓடிவரும் நாயைப்போல ஓடிவரச் செய்வோம்.

அண்ணை அட்டையைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார்.

“நாயா வரவேண்டாம். மனிசியா வந்தாக் காணும்.”

அவருடைய மனிசி அப்போது மன்னாரில் இருந்தார். சண்டைக்குள்ளால் எப்படியாவது வெளியே எடுத்துவிடவேண்டும் என்று அண்ணை நடையாய் நடந்துகொண்டிருந்த காலம். இங்கே வந்திறங்கிய முதல் வாரத்திலேயே அவர் மன்னார்ப் பக்கத்து மடுக்கோயில் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். மனிசி வந்து சேருமட்டும் ஒரு சொட்டும் தொடமாட்டேன். கடற்கரையில் பிறந்த மனிதர். கள்ளோடு சேர்ந்து வளர்ந்தவர். அவருக்கு அது சின்ன நேர்த்தி அல்ல. நேர்த்தி வைத்து ஒரு மாதம் போகமுதல் மாதா அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். பியர் பீப்பாய் தள்ளுகிற வேலை. மாதாவுக்கும் பகிடி தெரியும் என்று நான் சொன்னால் அண்ணை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு என்னை முறைப்பார்.

அந்த பியர் காய்ச்சும் ஆலை வடக்கே, எபினே-சூர்-செய்னுக்குப் போகிற றோட்டில் இருந்தது. செங்கல் புகைக்கூண்டு, பெரிய இரும்புக் கதவு, கதவுக்கு மேலே கல்லில் செதுக்கிய ஒரு குதிரைத் தலை. ஒருகாலத்தில் குதிரை வண்டியில்தான் பீப்பாய்கள் பாரிசுக்குள் வந்தனவாம். நான் அங்கே போனபோது முற்றத்தில் நெல் அவிக்கிற மணம் வந்தது. முளைகட்டிய பார்லியை அவிக்கிறார்கள் என்றார்கள். எனக்குச் சரியாய்ச் சாப்பாட்டு நேரத்தில் பசித்தமாதிரிப் பசித்தது. லா சப்பல் ரயில் பாதைகளின் ஓரத்தில் ஆலைக்கு ஒரு கொட்டில் இருந்தது. லொறி அங்கே பீப்பாய்களை இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து பக்கத்துத் தெருக்களில் உள்ள கபேக்களுக்கு அண்ணை கைவண்டியில் தள்ளிக்கொண்டு போவார்.

இன்றைக்கு ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடையைப் பார்க்கிறவர்களுக்கு நம்புவது கஷ்டம். அந்தப் பகுதியெல்லாம் அப்போது மூலைக்கு மூலை கபேதான். அவற்றில் நாலைந்து எங்கள் ஆலையின் வாடிக்கை. வாடிக்கை என்றால் சும்மா வாங்கி விற்கிறது அல்ல. பியர் வரும் குழாய், கிளாஸ், சாம்பல் தட்டு, வாசலில் நிழல் தருகிற சீலை எல்லாம் ஆலை போட்டுக்கொடுக்கும். பெண் வீட்டார் சீதனம் கொடுக்கிறமாதிரி. பதிலுக்கு அந்தக் கபே வேறு ஆலையின் பியரைத் திரும்பியும் பார்க்கக்கூடாது. ஆனால் எண்பதுகளில் பெரிய கொம்பனிகள் வந்து, இதைவிட நல்ல சீதனம் தருகிறோம் என்று கபேக்காரரின் காதில் ஊதத் தொடங்கிவிட்டன. எங்கள் ஆலை ஒவ்வொரு கபேயாய் இழந்துகொண்டிருந்தது.

இதற்குள்ளேதான் ஒரு வழக்கம். பீப்பாயை நிலவறைக்குள் இறக்கிவிட்டு மேலே வந்தால், கபே முதலாளி, பத்ரோன் என்பார்கள், இறக்கின ஆளுக்கு ஒரு கிளாஸ் பியர் நிறைத்து வைப்பார். அது உபசாரம்போல இருக்கும். உள்ளுக்குள் ஒரு சோதனையும் உண்டு. கொண்டுவந்தவன் தானே குடிக்காத பியரை எங்களுக்குத் தள்ளுகிறானோ? ஊரில் பால்காரன் தன் பாலைத் தான் குடிக்காவிட்டால் யார் வாங்குவார்கள்? மறுத்தால் பத்ரோன் மனம் நோகும், ஆலைக்கு இன்னொரு கபே போகும், அண்ணைக்கு வேலை போகும், மனிசி வருகிற வழியும் அடைபடும். குடித்தால் நேர்த்தி போகும். அதற்கும் மேலே, நீட்டின கையை மடக்க அவருக்கு வராது.

ஆகவே அவருக்கு வண்டி தள்ள ஓர் ஆள் தேவைப்பட்டார். வண்டி தள்ளுவது சாட்டுக்கு.

எங்கள் முறை இதுதான். பத்ரோன் இரண்டு கிளாஸ் வைப்பார். அண்ணை தன்னுடையதை உயர்த்திச் சிரித்து, மீசையை நுரைக்குள் நனைத்து, “ஆ” என்று ஒரு சத்தமும் விட்டுக் கீழே வைப்பார். பத்ரோன் கோப்பி மெசின் பக்கம் திரும்புவார். அதற்குள் நான் என் கிளாஸை முடித்து, வெறும் கிளாஸை அவர் முன்னால் தள்ளி, அவருடையதை என் பக்கம் இழுத்து, அதையும் முடிக்கவேண்டும். வெளியே வந்ததும் அண்ணை நாக்கை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, அதற்கென்றே வைத்திருந்த லேஞ்சியால் மீசையைத் துடைப்பார். நுரை சேர்த்தியா இல்லையா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டும் வைத்திருந்தார். நக்காதவரைக்கும் பிழையில்லை என்றாராம் சுவாமியார்.

முதல்நாள் முதல் வாயிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இது நெல்லிரசம் இல்லை. வேப்பம்பூ ஊறவைத்த தண்ணீருக்குச் சோடா அடித்தமாதிரி இருந்தது. பெரிய குடிகாரன் முகத்தைச் சுளிக்கலாமோ? விழுங்கினேன். இரண்டாவது கபேயில் உலகம் மிக நல்ல உலகமாய் இருந்தது. மூன்றாவதில் பத்ரோனின் மனைவிக்கு ஒரு தேவாரம் முழுதாய்ப் பாடிக் காட்டியதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு மஞ்சள் தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இது எங்களூர்ப் பெட்டி அல்ல, எங்களூர்ப் பெட்டி சிவப்பு என்று அழுதது எனக்கே நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது வெறும் பீப்பாய்களுக்கு மேலே நான் படுத்திருந்தேன். அண்ணை தனியாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அடுத்தநாள் காலமை தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி உண்மையைச் சொன்னேன். ஊரில் நான் மோர் குடித்தவன்.

“அது நேற்றே தெரியும்” என்றார்.

இன்னும் ஒருநாள் பாருங்கோ அண்ணை, பழகிவிடுவேன் என்று கெஞ்சினேன். கேட்ட இடம் அப்படி. மாட்டேன் என்று சொல்ல வராத மனிதரிடம் கெஞ்சுவதைப்போலச் சுகமான வேலை உலகத்தில் இல்லை. பழகினேன். கொஞ்ச நாளில் கசப்பு கசப்பாய்த் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எதையோ மறந்து வைத்துவிட்டமாதிரி இருந்தது. படிப்பில் நான் எதையும் இவ்வளவு கெதியாய்ப் பிடித்ததில்லை.

அண்ணையின் அறைக்குள் போனால் கால் வைக்க இடமிராது. யாராவது நீட்டின சாமான்கள். இறந்துபோன யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் மூன்று கோட்டு. யெகோவாக்காரரின் புத்தகக் கட்டு. கீழ்மாடிக் கிழவி கொடுத்த, குருவி இல்லாத குருவிக்கூடு. இதை ஏன் அண்ணை வாங்கினீங்கள் என்றால், “அந்த மனிசி அதைத் தூக்கிக்கொண்டு மூண்டு மாடி ஏறி வந்தது தம்பி” என்பார். அவர் கட்டிலிலும் அனேகமாய் வேறு யாராவது படுத்திருப்பார்கள். புதிதாய் வந்து, ஓரிரவு படுக்கலாமா என்று கேட்டவர்கள். அண்ணை கோட்டுகளை விரித்து நிலத்தில் படுப்பார். சுவரில் மட்டும் ஒரு சாமான் அவர் தானாய் வாங்கினது. மடுமாதா படம்.

பிறகு ஒருநாள் செய்தி வந்தது. மனிசி வள்ளத்தில் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஏஜென்சிக்காரன் பம்பாய்க்குக் கொண்டுபோனான். பம்பாயிலிருந்து வெளிக்கிட்டாச்சு என்றான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எந்த நாட்டில் நிற்கிறார், நிற்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. அண்ணை பேச்சைக் குறைத்தார். வண்டி தள்ளும்போது முணுமுணுவென்று செபமாலை சொன்னார். மீசையை நுரையில் நனைக்கிறதையும் விட்டுவிட்டார்; கிளாஸை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். ஒரு நுரைக்குமிழியால் மனிசியின் விமானம் தவறிவிடும் என்று அவர் பயந்ததை நான் கண்டேன். அந்த நாட்களில் நான் பகிடி விடவில்லை. நான் பகிடி விடாத நாட்கள் மிகக் குறைவு.

அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். குடியால் அல்ல, உண்மையான காய்ச்சல். நான் அண்ணையின் அறையில், அவருடைய கட்டிலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்க, அண்ணை தனியாய்ப் போனார். முதல் கபேக்களில் பத்ரோன்மார் தங்கள்பாட்டில் இருந்தார்கள், கிளாஸ் வைக்க நினைக்கவில்லை, தப்பிவிட்டார். கடைசிக் கபே, மெத்ரோ ஓடுகிற மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ளது. அதன் பத்ரோன் ஒவேர்ஞ் மலைநாட்டு மனிதர். உள்ளதற்குள் கண்டிப்பானவர். பெரிய கொம்பனி ஆட்கள் அவரிடம்தான் அடிக்கடி வந்து போனார்கள். அவர் கிளாஸை நிறைத்து நீட்டினார். வழமைபோலத் திரும்பிப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முன்னாலேயே நின்றார்.

பாவம் அண்ணை. குடிக்கவும் ஏலாது, மடக்கவும் ஏலாது. கிளாஸை வாங்கினார். “மெர்சி முசியூ” சொன்னார். கிளாஸோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.

நடந்தவர் நிற்கவில்லை. மேம்பாலத்துக்குக் கீழால் பெரிய றோட்டைக் கடந்து, கார்க்காரரெல்லாம் ஹோர்ன் அடிக்க, ஒரு சொட்டும் சிந்தாமல், தேவாலயத்தில் பாத்திரம் கொண்டுபோகிறமாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தன் கட்டடத்துக்கு வந்து, படியேறி, நான் கிடந்த கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

“குடி தம்பி.”

“அண்ணை, எனக்குக் காய்ச்சல்.”

“ஒரு மிடறு. அந்தாள் பின்னாலை வருது.”

வந்துவிட்டது. ஏப்ரனோடு, முகம் சிவந்து, மூச்சிரைக்க, பத்ரோன் கதவடியில் நின்றார். கிளாஸைத் தூக்கிக்கொண்டு ஓடினவனைத் துரத்திக்கொண்டு வந்தவருக்கு, உள்ளே ஒருவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருமுகிறான், மற்றவன் அவன் வாயில் பியரைப் பருக்குகிறான். அவர் என்ன நினைத்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்கு யோசிக்கப் பயம்.

என் பிரெஞ்சு அப்போது வினைச்சொல் இல்லாத பிரெஞ்சு. மனிசி, தூரம், சண்டை, மாதா, பியர் இல்லை என்று காய்ச்சலோடு கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். கடைசியில் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். இவ்வளவு மாதமும் இவருடையதையும் சேர்த்து நான்தான் குடித்தேன் என்று என் வயிற்றையும் காட்டினேன்.

பத்ரோன் படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். குருவிக்கூட்டைப் பார்த்தார், அது ஏன் என்று அவருக்கு விளங்கியிராது. பிறகு அண்ணையின் கையிலிருந்து கிளாஸை வாங்கி, கட்டில் ஓரத்தில் குந்தி, நுரை செத்துப்போயிருந்த பியரை ஒரே இழுப்பில் குடித்தார். சூடாய்ப் போய்விட்டது என்றார். வெறும் கிளாஸைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்தமுறை நாங்கள் போனபோது கவுண்டரில் இரண்டு கிளாஸ் இருந்தன. ஒன்றில் பியர். மற்றதில் புதினாச் சாறு கலந்த பச்சைத் தண்ணீர். கபேயில் நின்ற மற்ற ஆட்கள் சிரிக்கத் தொடங்க, பத்ரோன் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவும் அடங்கிப்போயிற்று. அண்ணை பச்சையைக் குடித்தார். இந்த மனிதன் குடித்து முடிப்பதை முதன்முதலாய் நான் கண்டது அன்றைக்குத்தான். அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் பத்ரோன் பச்சைக் கிளாஸை வைத்துக்கொண்டு, புருவத்தை மட்டும் உயர்த்துவார். இன்னும் இல்லையா என்று அர்த்தம். அண்ணை தலையை ஆட்டுவார். இன்னும் இல்லை.

மனிசிக்கு முந்தி ஆலைக்குத்தான் நாள் வந்தது. ஒரு பெரிய கொம்பனி வாங்கியது; வாங்கியது காய்ச்சுவதற்கல்ல, மூடுவதற்கு. கபே கபேயாய் வேறு ஆட்கள் வந்து எங்கள் குழாய்களைக் கழற்றி, தங்கள் குழாய்களைப் பூட்டினார்கள். கடைசிப் பீப்பாயை மேம்பாலத்தடிக் கபேக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அண்ணை கயிற்றில் கட்டி, கோணிச்சாக்கு மெத்தையின்மேல் சத்தமில்லாமல் இறக்கினார். பத்ரோன் அதைத் திறக்கவில்லை. பழைய குழாயையும் கழற்றவிடவில்லை. புதிய குழாயை நீங்கள் அந்தப் பக்கம் பூட்டுங்கள், இது இப்படியே இருக்கட்டும் என்றாராம். அண்ணையிடம் சொன்னார்: உன் மனைவி வருகிற அன்றைக்குத்தான் இதைத் திறப்பேன்.

பியர் நாள்பட வைத்திருக்கிற சாமான் அல்ல. அதை மலைநாட்டு மனிதருக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. அண்ணையும் சொல்லவில்லை. ஒருவர் நீட்டிவிட்டாரே.

அண்ணை ஓர் உணவுக்கடையில் கோப்பை கழுவப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே யாரும் எங்களுக்குக் கிளாஸ் வைக்கவில்லை. ஆனாலும் வேலை முடிந்தால் என் கால் தானாய் ஏதாவதொரு கபேக்குள் திரும்பியது. ஒன்று எனக்கு, ஒன்று அண்ணையின் பங்கு. பங்கு கேட்க ஆளில்லாதபோதும் நான் அந்தக் கடமையை விடவில்லை.

குளிர் முடிகிற காலத்தில் மனிசி வந்தார். விமான நிலையத்தில் பொலிஸ் விசாரித்து வெளியே விடும்வரைக்கும் அண்ணை கண்ணாடிக் கதவை விட்டு அசையவில்லை. வெளியே வந்தவர் மெலிந்த மனிசி, ஒரு சின்னப் பை. கிட்ட வந்ததும் கையை நீட்டினார். உள்ளங்கையில் கடதாசியில் மடித்த மடு மண். எதை நீட்டினாலும் வாங்கிவிடுகிற அண்ணை அதை வாங்கவில்லை. அந்தக் கையை அப்படியே, மண்ணோடு சேர்த்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சோதிடரின் அட்டையைப் பற்றி ஒரு பகிடி தயாராய் வைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன்.

நேரே கபேக்கு வந்தோம். மனிசிக்கு இறந்த பிரெஞ்சுக்காரரின் கோட்டுகளில் ஒன்று. பத்ரோன் மனிசியைப் பார்த்தார். இந்தமுறை புருவத்தை உயர்த்தவில்லை. நிலவறைக்குள் இறங்கினார். கீழே இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது. மேலே வந்து பழைய குழாயைத் திறந்தார். அது தும்மியது, இருமியது, பிறகு வந்தது. ஆலையின் பெயர் போட்ட பழைய கிளாஸ்களில் நிறைத்து ஒவ்வொருவருக்கும் வைத்தார்.

அண்ணை மனிசியைப் பார்த்தார். நேர்த்தி முடிந்துவிட்டது, அவரும் ஓம் என்று தலையை ஆட்டினார். அண்ணை குடித்தார். நானும் குடித்தேன். புளித்துப்போயிருந்தது. வினாகிரியில் கத்தியைக் கழுவிவிட்டுக் கொடுத்தமாதிரி. பத்ரோனும் வாயில் வைத்தார், அவருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்து முடித்து, மீசையை இந்தமுறை நாக்காலேயே துடைத்து, “த்ரே போன்” என்றார். மிக நல்லது.

மனிசி தன் கிளாஸைத் தொடவில்லை. அது கவுண்டரில் நிறைந்தபடி நின்றது. என் வெறும் கிளாஸ் அதற்குப் பக்கத்தில். பழக்கம் விடுமோ? என் கை தானாய்ப் போய் வெறும் கிளாஸை அந்தப்பக்கம் தள்ளி, நிறைந்ததை இந்தப்பக்கம் இழுத்தது. இழுத்ததை மனிசி கண்டுவிட்டார். அந்தச் சங்கடத்தைப் பகிடியால் மூடலாம் என்று நினைத்து, நான் கிளாஸை உயர்த்திச் சொன்னேன்.

“அக்கா, நீங்கள் வந்து சேரவேணுமெண்டு இவ்வளவு காலமும் குடிச்சது நான்தான்.”

அவர் என் கையிலிருந்து கிளாஸை வாங்கிக் கவுண்டரில் வைத்தார்.

“வந்திட்டன். இனி நிப்பாட்டும்.”